வெட்டைக் கிணறும் அக்காவின் இடக்கையும்

எங்கள் அக்கா நெடுந்தீவில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். இத்தாலியின் பலெர்மோவில், கபோ சந்தைக்கு மேலே நான்காம் மாடி வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார். சென்ற மாதம் மருத்துவமனையில் கண் மூடினார். அந்த ஐவரில் இனி எஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். முப்பத்தோராம் நாளில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி அக்காவின் மகள் என்னைக் கேட்டாள். நான்கு பக்கம் போதாது என்பது என் முதற்கவலை. ஐந்தாம் பக்கம் சேர்ந்தால் தாள் மடிப்புச் சரிவராது என்பது இரண்டாவது. மூன்றாவது கவலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நெடுந்தீவில் காணிகளின் எல்லையில் பவளக் கற்களான முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி வேலி கட்டுவார்கள். எங்கள் வீட்டு வாசற் படலையிலிருந்து தெற்கு வெட்டை வரை அப்படிப் பதினொரு வேலிகள் இருந்தன. வெட்டை என்பது மரமில்லாத பெரும் புல்வெளி. யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகள் அங்கே கூட்டமாகத் திரியும். பதினொரு வேலிகளையும் அக்கா ஏறிக் குதிப்பார். நான் ஏறி இறங்குவேன்.

அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. வற்றுக்கடலில் கழுத்தளவு தண்ணீர் வரும்வரை நடந்துபோய், கடல் ஏறத் தொடங்கியதும் கரைக்கு ஓடி வருவார். இடிந்த கோட்டையின் மேற்சுவரில் கைகளை விரித்துக்கொண்டு நடப்பார். குளவிக்கூட்டுக்குக் கல்லெறிந்த பிறகுதான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். எல்லாவற்றிலும் என் வேலை எண்ணுவது.

"பயந்தாங்கொள்ளி, நீ வர வேண்டாம். அதிலை நிண்டு எண்ணு" என்பார். எவ்வளவு நேரம் சுவரில் நின்றார், எத்தனை அலை தலைக்கு மேலால் போயிற்று என்று திரும்பி வந்ததும் கணக்குக் கேட்பார். நான் குறைத்துச் சொன்னால் காதைத் திருகுவார். எண்ணும் பழக்கம் எனக்கு அப்படி வந்தது. காதும் சற்று நீண்டுவிட்டது.

கோடையில் வெட்டையில் தண்ணீர் வற்றிவிடும். நடுவில் ஒரு கிணறும் பக்கத்தில் ஒரு கல்தொட்டியும் இருந்தன. அக்கா ஓலைப்பட்டையால் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பிவிட்டு, அருகிலிருந்த கல்வேலியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வார். தாகமெடுத்த குதிரைகள் மெல்ல மெல்ல வரும். ஒன்று தலையைத் தாழ்த்திக் குடிக்கத் தொடங்கியதும் அதன் முதுகில் குதிப்பார். கடிவாளம் இல்லை, சேணம் இல்லை; பிடரிமயிர் மட்டும்தான். அநேகமாக நான் பத்து எண்ணுவதற்குள் அவர் புல்லில் கிடப்பார். எழுந்து மறுபடி தண்ணீர் அள்ளுவார்.

ஒருநாள் நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு மண்ணிறக் குதிரை அவரை முப்பத்தேழு வரை வைத்திருந்தது. முப்பத்தெட்டில் கல்லின் மேல் எறிந்தது. இடது முழங்கை முறிந்தது. முறிவு வைத்தியர் வந்து பத்துப்போட்டுக் கட்டினார். அவிழ்த்தபோது கை முழுதாக நீளவில்லை. கடைசிவரை அது நீளவே இல்லை.

அன்றிரவு அம்மா எங்கள் ஐவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்: "குதிரையேறி விழுந்தவளெண்டு தெரிஞ்சால் ஆர் வந்து பொம்பிளை கேப்பினம்? கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவள். எல்லாருக்கும் விளங்கினதோ?"

"பொய்யும் இல்லைத்தானே அம்மா, கிணத்தடிதானே" என்றார் அக்கா, கட்டுப்போட்ட கையோடு. அம்மா அவரை முறைத்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஓம் என்றோம்.

அக்காவைப் பெண் கேட்டு யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தார்கள். கையைப் பற்றி மாப்பிள்ளையின் தமக்கையார் விசாரித்தார். கிணற்றடி என்று அம்மா சொன்னார். மாப்பிள்ளையாக வந்த அத்தானும் அதைக் கேட்டுக்கொண்டார். கலியாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் அவர் எழுந்துபோய் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார். அன்றிலிருந்து அக்காவை அவர் வாளியைத் தொட விடவில்லை. ஊரில் சிரித்தார்கள். "என்ன மாப்பிள்ளை, சீதனத்திலை வாளியும் தந்தவையோ?" என்று ஒருவர் வேலிக்கு மேலால் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "ஓம், கயிறு மட்டும் தரேல்லை" என்று அத்தான் சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டே இருந்தார்.

பிறகு யுத்தம் வந்து நாங்கள் தீவைவிட்டு வெளிக்கிட்டதை நான் விரித்து எழுதத் தேவையில்லை. உங்களில் பலர் அதே படகுகளில் இருந்தீர்கள். அக்கா குடும்பம் நான்கு இடங்களில் மாறி மாறி இருந்தது. நான்கிலும் கிணறு இருந்தது. நான்கிலும் அத்தான்தான் அள்ளினார்.

பலெர்மோவுக்கு அத்தான் முதலில் வந்து, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்த பின் அக்காவையும் மகளையும் கூப்பிட்டார். பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். கபோவில் குழாய்த் தண்ணீர் எல்லா நாளும் வருவதில்லை. வராத நாட்களில் அத்தான் கீழேயிருந்து கலன்களில் சுமந்து எண்பத்திரண்டு படி ஏறுவார். நிலம் துடைப்பதும் அவர்தான். ஈரம் காயும்வரை அக்கா கதிரையில் இருக்க வேண்டும். பிறர் வீடுகளில் நாள் முழுதும் ஈரநிலத்தில் நின்று வேலை செய்துவிட்டு வந்தவர், தன் வீட்டில் காலைத் தூக்கிக்கொண்டு இருப்பார்.

லிபெர்த்தா வீதியில் மூன்று முதிய இத்தாலியப் பெண்களை, சிஞ்ஞோராக்களை, ஒருவர் பின் ஒருவராக அக்கா பராமரித்தார். மடங்கிய கையை அவர்கள் தோளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி இருத்துவார். தூக்குவதற்கென்றே வளைத்த கை என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். மூவரின் கடைசி நாளிலும் அக்கா பக்கத்தில் இருந்தார்.

வேலை முடிந்து வரும் வழியில், பொலிதேயாமா சதுக்கத்தில், சுற்றுலாக்காரரை ஏற்றும் குதிரை வண்டிகள் நிற்கும். அக்கா பையிலிருந்து ஒரு கரட்டை எடுத்து நீட்டுவார். அத்தானுக்கு மிருகங்கள் என்றால் பயம். பத்தடி தள்ளி நிற்பார்.

"உனக்கேன் உந்த வேலை? கடிச்சுப் போடும்."

"என்னைக் கடிக்காது. உங்களைத்தான் பாக்குது."

நான் கூட இருந்தால் அக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்குவார்.

இவ்வருடம் நோய் வந்தது. இரண்டு மாதம்தான். மருத்துவமனையில் ஒரு மாலை, அத்தான் கீழே கோப்பி குடிக்கப் போயிருந்த நேரம், அக்கா என்னைக் கேட்டார்.

"நான் போனால் மலரிலை என்ன எழுதப் போறாய்?"

"இப்ப ஏனக்கா அந்தக் கதை?"

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவ எண்டு எழுதினியெண்டால் வந்து காதைத் திருகுவன். குதிரையை எழுது. முப்பத்தேழு எண்டும் எழுது."

"அத்தானுக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்லுவம் எண்டு வெளிக்கிட்ட நேரமெல்லாம் அந்த மனிசன்ரை கையிலை வாளி இருந்தது. எப்பிடியடா சொல்லுறது?"

இதுதான் என் மூன்றாவது கவலை. எழுதியதை அக்காவின் மகளிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"மாமா, இதை எடுத்து விடுங்கோ. அப்பா இப்பதான் ஒருநேரமாவது சாப்பிடுறார். அம்மா நாப்பத்தாறு வருஷமா மறைச்சவ எண்டதை அவர் முப்பத்தோராம் நாள் சபையிலை வாசிச்சு அறிய வேணுமோ?"

"கொம்மாதான் எழுதச் சொல்லிக் கேட்டவ."

"அம்மா போயிட்டா. அப்பா இருக்கிறார்." பிறகு சொன்னாள்: "எனக்கே தெரியாது மாமா. நிலம் ஈரமெண்டால் இண்டைக்கும் நான் சுவரைப் பிடிச்சுத்தான் நடக்கிறன்."

அவள் சொன்னதும் நியாயம். அக்கா கேட்டதும் நியாயம். ஐந்து நாட்கள் எனக்குச் சரியான நித்திரை இல்லை. ஆறாம் நாள் பின்னேரம் தாள்களோடு எண்பத்திரண்டு படி ஏறினேன். அச்சில் பார்க்கும் முன் அவர் என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். மகள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். அத்தான் கைகளை மேசையில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, அந்தக் குதிரை கடிச்சதோ?"

"இல்லை அத்தான். எறிஞ்சது மட்டும்தான்."

"முப்பத்தேழு எண்டு சரியாத் தெரியுமோ? நீர் வேகமா எண்ணியிருப்பீர்."

"ஆறுதலா, மெல்லத்தான் எண்ணினனான்."

"அவ்வளவு நேரம் இருந்தவளோ" என்றார். குழாயடியில் இருந்த வாளியைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் நாப்பத்தாறு வருஷம் ஏன் தண்ணி அள்ளினனான்?"

குசினியில் சத்தம் நின்றுவிட்டது. அத்தானின் தோள்கள் அசைந்தன. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணும் நனைந்துதான் இருந்தது.

"கெட்டிக்காரி. காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பாத்துக்கொண்டிருப்பாள். இதை நினைச்சுத்தானே" என்றார். "எழுதும். ஒரு சொல்லும் வெட்ட வேண்டாம். கடைசியிலை ஒரு வரி எனக்கு விடும்."

மறுநாள் தன்னைப் பொலிதேயாமாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஒரு வண்டிதான் நின்றது. நான் கரட் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு வழமையான பத்தடி தூரத்தில் நின்றார். நெடுநேரம் குதிரையைப் பார்த்தார். பிறகு, "அதின்ரை வாளியிலை தண்ணியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய், வண்டிக்காரரிடம் கையால் கேட்டு, குதிரையின் காலடியிலிருந்த வாளியை எடுத்தார். தெருக்குழாயில் நிரப்பிக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார். அது தலையைத் தாழ்த்திக் குடித்தது. அவர் பின்வாங்கவில்லை.

அக்காவின் நோயின்போது இரவு பகலாக முறை வைத்து நின்ற அயலவர்களுக்கும், அன்போடு பார்த்த தாதியருக்கும், முப்பது நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் உணவு கொண்டுவந்த இருபத்தாறு குடும்பங்களுக்கும், தூர இடங்களிலிருந்து அழைத்துக் கதைத்தவர்களுக்கும், மலரைச் செம்மையாக அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. யாரையாவது எண்ணத் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் தமக்கு நன்றி சொல்ல விடவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு வரியை அவர் சொன்னபடியே கீழே தருகிறேன்.

"வெட்டைக் கிணத்திலை அள்ளினது அவள். மற்றக் கிணறு எல்லாத்திலையும் அவளுக்கு அள்ளினது நான்."