தடை ஒன்றும் இல்லை

அஞ்சுகிராமத்து வீட்டு முன்னறையில் காலை பத்து மணிக்கு, கம்பெனியின் தினசரிக் கூட்டத்துக்காக ஆன்ஸ்லின் எழுந்து நிற்பாள். சென்னையில் மூன்று பேர், புனேயில் இரண்டு, சிங்கப்பூரில் இரண்டு. எல்லாரும் அவரவர் இடத்தில் கம்ப்யூட்டர் முன் நின்றபடி கால் மணி நேரம் பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடும் என்பதற்காக வந்த வழக்கம். காமிரா கிடையாது, உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் நிற்பாள். அவள் குணம் அப்படி.

நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்வாய், வேலைக்குத் தடை ஏதும் உண்டா? கேள்வி இந்த மூன்றுதான். கடைசிக் கேள்விக்கு மூன்று வருடமாக அவள் சொன்னது ஒரே பதில், தடை ஒன்றும் இல்லை.

பொய். அடுத்த அறையில் அம்மா ஜெயபாய் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி, 2012இல் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாள் ஆன்ஸ்லின். வேலையில் இடறினால் சென்னைக்கே திரும்ப வேண்டும் என்று மேலாளர் தேவகுமார் சொல்லியிருந்தார். போனால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பயத்தில் வாயை இறுக்கிக்கொண்டாள்.

ஏதாவது வேண்டுமென்றால் ஜெயபாய் கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவாள். பத்திலிருந்து பத்தேகால் வரை மட்டும் தட்ட மாட்டாள். முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள், மகள் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசுவதில் ஒரு சொல் தப்பாது. ஆன்ஸ்லினோ, அம்மா அந்நேரம் கண்ணயர்கிறாள் என்றே நினைத்திருந்தாள். இந்த நினைப்பை என்னவென்று சொல்ல!

2015 ஆகஸ்டில் ஒருநாள், கூட்டம் முடிந்து கஞ்சியோடு போனவள் அம்மா கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடப்பதைப் பார்த்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. டம்ளர் உருண்டு சத்தம் போடாதபடி ஜெயபாய் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“கூப்பிட்டிருக்கலாம்லா அம்மா?”

பதில் குழறிக் குழறி வந்தது. “தடை ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டு இருந்தியே மக்களே. நான் எப்பிடித் தட்டுவேன்?”

ஆன்ஸ்லின் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, போனிலேயே கூட்டத்தில் சேர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இனி அம்மா கூப்பிட்டால் பேச்சின் நடுவே போய்விடுவேன் என்றாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் சொன்னாள். தேவகுமார், இதைச் சொல்லத்தானே அந்த மூன்றாவது கேள்வி, போய் அம்மாவைப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான். மூன்று வருடப் பயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. நினைத்தால் வயிறெரிகிறது.

ஜெயபாய் வீட்டுக்கு வந்தபின் மூன்று மாதம்தான் உயிரோடு இருந்தாள். பத்து மணி ஆனதும் ஆன்ஸ்லின் டம்ளரைக் கையில் கொடுத்து, தட்டுங்கம்மா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பாள். அவளும் தலையாட்டுவாள். அந்தக் கால் மணி நேரத்தில் கடைசிவரை ஒருநாளும் அவள் தட்டவில்லை.