இத்தாலி ஒயினும் அப்பாவின் ஆத்துமாவும்

பாதிரியார் கையில் எடுத்து உயர்த்திவிட்டால் எந்த ஒயினும் இயேசுவின் ரத்தமாகிவிடும் என்று சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன். கோயிலும் வேண்டாம், பூசையும் வேண்டாம், உயர்த்தினால் போதும். மறைக்கல்வி சிஸ்டர் சொன்னது பாதி, மீதி என் சொந்தச் சரக்கு. ஞானஸ்நானம் வாங்காதவர் அதைக் குடித்தால் நேரே நரகம் என்பதும் சொந்தச் சரக்கில் சேர்த்திதான்.

எங்கள் வீட்டில் அம்மா வேதக்காரி. அப்பா, கிருத்திகை தவறாத முருக பக்தர். அம்மாவின் அண்ணன் பாதிரியார். கல்யாணத்துக்கே வராமல் கோபித்துக்கொண்டு ரோமுக்குப் படிக்கப் போனவர், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுப் படியேறினார். கையில் ஓர் இத்தாலி ஒயின் பாட்டில், ஊதினாலே உடைகிற மாதிரி இரண்டு கிளாஸ்.

"வாங்க ஃபாதர்" என்றார் அப்பா.

"நல்லாருக்கீங்களா சார்" என்றார் மாமா.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அவள் கிண்டிய கிண்டில் குழம்பிலிருந்த கறி கரைந்தே போயிருக்கும்.

மதுரை வெயிலுக்கு ஒயின் கொதிக்கும் என்று மாமா பாட்டிலை வாளித் தண்ணீரில் நிறுத்தினார். பிறகு திறந்துவைத்து, "கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றார்.

"இம்புட்டு நாள் விடாமயா இருந்துச்சு?"

"ஆமா சார். ரோம்லருந்து அடக்கிக்கிட்டேதான் வந்துச்சு."

ஒரு கிளாஸில் ஊற்றி, எப்படிக் குடிப்பது என்று காட்ட ஆரம்பித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். மாதுளை முத்தின் நிறம். மெதுவாகச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். ஆகிவிட்டது, ரத்தம்!

"மடக்குன்னு விழுங்கிராதீங்க. நாக்குல வச்சிருங்க. முதல்ல துவர்க்கும், அப்புறந்தான் பழவாசம் வரும்" என்று சொல்லி அதே கிளாஸை அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா அதை வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கோ நரகத்துக் கொப்பரையில், கொதிக்கிற எண்ணெயில் அவர் மிதப்பது தெரிந்தது.

"குடிக்காதீங்கப்பா! வடை மாதிரி வெந்துருவீங்க!"

பாய்ந்து தட்டிவிட்டேன். கிளாஸ் தரையில் சுக்குநூறு. ஒரு சொட்டுகூடத் தரையில் கிடக்கக் கூடாதென்று சிஸ்டர் சொல்லியிருந்தாரே! மண்டியிட்டு நக்கக் குனிந்தவனை மாமா டவுசரைப் பிடித்துத் தூக்கினார். "டேய், கண்ணாடிடா!" அதற்குள் விரலில் பட்டதைச் சப்பிவிட்டேன். நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு இழுத்தது. ரத்தம் இப்படியா துவர்க்கும் என்ற சந்தேகம் ஒரு பக்கம், ஒப்பாரி ஒரு பக்கம்.

விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மாமா என் பக்கத்தில் குந்தினார். "இது பூசை ஒயின் இல்லடா. சும்மா சாப்பாட்டோட குடிக்கிறது. உங்கப்பா எந்த நரகத்துக்கும் போக மாட்டாரு."

"எழுதிக் குடுங்க ஃபாதர்" என்றார் அப்பா.

அப்பா பிழைத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. ஆனால் நடந்தது இது. மிச்சமிருந்த ஒரே கிளாஸில் மாமா ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். பச்சைத் தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கிற அப்பா, அதை வாங்கி, விளிம்பைத் துடைக்காமல் வாய்வைத்துக் குடித்தார்.