சப்பாத்தில் ஒட்டாத செம்மண்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பல்லரோச் சந்தையில் மீன்காரன் கேட்காமலே செவுளைத் தூக்கிக் காட்டினால், இவன் எதை மறைக்கிறான் என்றுதான் முதலில் யோசிப்பேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிக் கேக் தந்தால் அன்றைக்கு முழுவதும் அவள் வாசலில் எனக்கு ஒரு கண் இருக்கும். இது என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் மனிதர் ஒரு நாள் மலை ஏறுகிற சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தார்.

"இரத்தத்திலை சீனி கூடிப்போச்சாம். டாக்குத்தர்மார் கிழமைக்கு ஒருக்கால் எண்டாலும் நல்லா நடக்கச் சொன்னவை," என்றார்.

"எங்கை நடக்கப் போறியள்?"

"காப்போ கல்லோப் பக்கம். மலையடியாலை, கடலோட ஒட்டி ஒரு பாதை போகுதாம்."

சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்கி வாருங்கள் என்றாலே முழங்கால் நோகுது என்கிற ஆள் அவர். அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அவருக்கு மலையாம், பாதையாம்.

இந்த இத்தாலி நாட்டில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. ஒரு வயோதிபரைப் பராமரிக்கிற அவருக்கும் அதே வியாழன்தான். பொலிதேயாமாவில் நான் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோராவுக்கு மட்டும் வியாழன் தோதுப்படவில்லை. எனக்குத் திங்கள் தந்திருந்தார். ஆகவே வியாழன் பின்னேரங்களில் என் மனிதர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அதை நினைத்துத்தான் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

"ஒருநாளைக்கு லீவு எடுத்துக்கொண்டு நானும் வாறன்," என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒப்பரேசனுக்கு முதல் நீர் மலை கிலை ஏறக் கூடாது," என்றார் உடனே.

நல்ல சாட்டு. அந்த மாதம்தான் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, பெரியாஸ்பத்திரியில் காட்டி, ஊசி குத்திச் சோதித்திருந்தார்கள். முடிவு சொன்ன அன்று டாக்குத்தர் கணினியைப் பார்த்தபடியே வேகமாகக் கதைத்தார். என் இத்தாலியன் சமையலறைக்கும் சந்தைக்கும் போதும், ஆஸ்பத்திரிக்குக் காணாது. இவர்தான் எல்லாம் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார்: "சின்னக் கட்டி. ஒண்டும் இல்லை. எடுத்துவிட்டாச் சரியாம்." அதோடு அந்தக் கதையை நான் மறந்தேன். சப்பாத்துக் கதைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

முதல் வியாழன் போய் வந்தார். இரண்டாவது வியாழனும் போய் வந்தார். அவர் குளிக்கப் போனதும் நான் சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. கடைக்காரன் ஒட்டிய துண்டின் பசை கூட அப்படியே கிடந்தது. அவர் கழற்றிப் போட்ட சேட்டை எடுத்து மணந்து பார்த்தேன், வேர்வையோடு மெழுகுதிரி எரிந்த வாசம். அவர் படுத்திருந்தபோது காலைப் பார்த்தேன். என் கண்ணுக்கு மறைவாகத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார்.

ஆளை நேரே கேட்டால் ஏதாவது சமாளிப்பார். முதலில் பாதையைப் பார்த்து வருவோம் என்று அடுத்த திங்கள் நான் தனியாகக் காப்போ கல்லோவுக்குப் புறப்பட்டேன். முதல் நாள் நல்ல மழை. மொந்தெல்லோவில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீடுகள் முடியும்வரை நடந்தால் மலை நேரே கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு பக்கம் செங்குத்தான வெள்ளைப் பாறை, மற்றப் பக்கம் கடல், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குப் பாதை. பாறை இடுக்குகளில் இடுப்பளவு உயரத்துக்குக் காட்டுப் பனைகள் விசிறி விரித்து நின்றன. பிறகு எத்தனையோ தரம் அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன், அழகான இடம்தான். அன்றைக்கு எனக்கு அழகு பார்க்க நேரமில்லை. எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

திரும்பி வந்து என் சப்பாத்தைக் கழற்றினால், அடி முழுக்கச் செம்மண். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குச் செம்மண்ணைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான். பழைய பல் துலக்கும் பிரசால் தேய்த்தும் தையலுக்குள் போன சிவப்புப் போகவில்லை. அவருடைய சப்பாத்து அந்தப் பக்கமே போகவில்லை என்பது முடிந்த முடிவு.

மிச்சத்தை நானே கூட்டிப் பார்த்தேன். சப்பாத்தை வாசலிலே கழற்றிவிட்டு உள்ளே போகிற வீடு என்றால் அது தமிழ் வீடு. மெழுகுதிரி எரிகிற வீடு என்றால் வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு. ஆறுதலாக இருந்து காலுக்கு எண்ணெய் பூசுகிறார் என்றால், அந்தக் காலை அழகாக வைத்திருக்க ஒரு காரணம் வந்திருக்கிறது. ஊரிலே மன்னாரோ, தீவுப் பக்கமோ, யாரோ ஒருத்தி. அன்று சோறு வடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் இந்த மனிதரை நம்பித்தான் கடல் கடந்து வந்தேன், இவரும் போனால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகை வந்தது. அவருக்குக் காட்டாமல் வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

சிஞ்ஞோராவிடம் மட்டும் சொன்னேன். பல வருடங்களுக்கு முன் புருஷனை இழந்த அவருக்கு இப்படிக் கதை என்றால் சாப்பாடே வேண்டாம். கையிலிருந்த கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "என் புருஷனும் மீன் பிடிக்கப் போவதாகத்தான் சொல்வார். ஒரு நாள் கூட மீன் வந்ததில்லை," என்றார். "இந்த வியாழன் உனக்கு வேலை இல்லை. பின்னாலேயே போ. வந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்ல வேண்டும்."

போனேன். தலையில் துணி கட்டி, அவர் ஏறிய பஸ்ஸின் பின் கதவால் ஏறி, சனத்துக்குள் ஒளிந்து நின்றேன். பஸ் மொந்தெல்லோவுக்குப் போகிற பஸ் இல்லை. அவர் இறங்கியது மொந்தே பெல்லெக்ரீனோவின் அடிவாரத்தில். அந்த மலையை எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். மேலே குகைக்குள் சந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஏறுவோம். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். என் மனிதர் மட்டும் ஏறியதில்லை. கல்லுக்கு என்ன தெரியும் என்று நக்கலடித்துக்கொண்டு கீழே பஸ் தரிப்பில் நிற்பார். எங்கள் கோயிலுக்குப் போனாலும் வெளியே செருப்புக்குக் காவல் அவர்தான்.

ஆகவே அவர் மலைக்கு வந்திருக்கமாட்டார், வீடு இந்த அடிவாரத்தில்தான் என்று நினைத்தேன். அவரோ வீடுகளைத் தாண்டிப் போய், பழைய கல் பாதை தொடங்குகிற இடத்தில் மதிலில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, இரண்டையும் பையில் போட்டார். வெறுங்காலோடு ஏறத் தொடங்கினார்.

சத்தம் கேட்காமல் போகத்தான் கழற்றுகிறார் என்று நினைத்தேன். புத்தி அப்படிப் போகிறது, என்ன செய்ய.

பாதை வளைந்து வளைந்து மேலே போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் துறைமுகம் சின்னதாகிக்கொண்டு வந்தது. நேப்பிள்சுக்குப் போகிற கப்பல் தீப்பெட்டி அளவில் நின்றது. எனக்கு மூச்சு வாங்கியது. கல் குத்தும்போது அவர் ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் தடவுவதும், பிறகு நடப்பதுமாக இருந்தார். அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்கியது. இது நேர்த்தி. கல்லுக்கு என்ன தெரியும் என்ற மனிதர் நேர்த்திக்கு நடக்கிறார்.

என் நெஞ்சு எரிந்தது. எனக்கு மறைத்து யாருக்கு நேர்த்தி? கடவுளைக் கும்பிட வைக்கிற அளவுக்கு எவள் இவருக்கு அப்படிப் பெரிய ஆளானாள்?

குகைக்குள் மற்ற எல்லாரும் சப்பாத்தோடு நின்றார்கள். இவர் மட்டும் ஈரத் தரையில் வெறுங்காலோடு, எங்கள் கோயிலில் நிற்பதைப் போல, கை கூப்பி நின்றார். பாறைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். அவர் வெளியே படிக்கு வரும்வரை பொறுத்திருந்து, முன்னால் போய் நின்றேன்.

"ஆருக்கு இந்த நேர்த்தி?"

பேயைக் கண்டவர் மாதிரி விழித்தார். "சொன்னாப் பலிக்காது எண்டு நீர்தானே சொல்லுறனீர்."

"கதையை மாத்தாதேங்கோ. ஆர் அவள்? அவளுக்கு என்ன?"

"சுகமில்லை," என்றார்.

"ஆருக்குச் சுகமில்லை?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை பிடித்த முகம் இல்லை, பிடிபட்ட முகமும் இல்லை. அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருந்தேன், டாக்குத்தரின் அறையில், எனக்குத் தமிழில் சொல்ல அவர் என் பக்கம் திரும்பியபோது. மீன்காரனை நம்பாதவள், பக்கத்து வீட்டுக்காரியின் கேக்கை நம்பாதவள், அந்த அறையில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

"சின்னக் கட்டிதான்."

"வேறை?"

"நல்ல கட்டி இல்லையாம்," என்றார். "எடுத்துப்போட்டு, பிறகும் மருந்து ஏத்த வேணுமாம். உமக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில், மன்னாரிலிருந்தோ தீவிலிருந்தோ ஒருத்தி உண்மையிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று மனதார விரும்பினேன். அவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியும்.

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் வெடித்து, கல் கீறிய இடங்களில் இரத்தம் கசிந்திருந்தது. பையிலிருந்து சப்பாத்தை எடுத்தார். போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடவுளை நம்பாத மனிதர் என்னைக் கேட்டார்:

"இஞ்சேரும், இப்ப சொல்லிப்போட்டனே. இனிப் பலிக்காதோ?"

"நீங்கள் எங்கை சொன்னனீங்கள்," என்றேன். "நான்தானே கண்டுபிடிச்சனான்."