சுவருக்கு அந்தப் பக்கத்து வசனம்

சந்தோஷம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் தொண்டை கமறும். காரணம் என் அப்பாவும் பெரியப்பாவும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்களில் வேதத்திலிருந்து மகிழ்ச்சியைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் சொன்னதை ஊரே ஒழுங்காகப் புரிந்துகொண்டது. எங்கள் இரண்டு வீடுகளில் மட்டும் அது சண்டை போடப் பயன்பட்டது.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்ட சுவர். அங்கே பெரியப்பா தும்மினால் இங்கே அம்மா சுக்குத் தட்டுவாள். பெரியப்பா மகள் என்னைவிட மூத்தவள். அக்கா பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் எங்களுக்குச் சாயங்காலம்தான் மிச்சம். அந்த நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் பெரியப்பாவின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் அப்பா கிறிஸ்துமஸ் சமையலுக்கென்று வளர்த்த முட்டைக்கோஸ் பாத்தியை ஒரே பகலில் மொட்டையடித்துவிட்டது. அப்பா மாட்டைத் திட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாட்டுக்காரரைத் திட்டினார். வேலி கட்டத் துப்பில்லாதவனுக்குத் தோட்டம் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. நானும் அக்காவோடு பேசக் கூடாது என்று உத்தரவு. கிறிஸ்துமஸ் அன்று இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் பிரியாணி வேகுவதுதான் வழக்கம். இந்த முறை அவரவர் சோறு அவரவருக்கு என்றார் அப்பா. எனக்கு அழுகையாக வந்தது. பிரியாணிக்காக அல்ல, அக்காவுக்காக.

இந்த லட்சணத்தில்தான் அட்வென்டின் மூன்றாம் வாரமான மகிழ்ச்சியின் வாரம் வந்தது. வாரம் முழுக்க எல்லா வீடுகளிலும் சாப்பாட்டுக்கு முன் ஒரே அதிகாரத்தை வாசிக்க வேண்டும், வீட்டில் இளையவர்தான் வாசிக்க வேண்டும் என்பது ஐயரின் ஏற்பாடு. வனாந்தரம் பூக்கும், பாழ்நிலம் களிக்கும் என்று தொடங்கும் அதிகாரம். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். வேதத்தின் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வனாந்தரம் பூப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிடும்.

முதல் நாள் நான் வாசிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் வாசிக்கத் தொடங்கினாள். அவள் குரல் என் குரலை அமுக்கியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தமா வாசிட்டி. அங்க கேக்கணும்."

அங்கேயும் அதையே சொல்லியிருப்பார்கள் போல. அக்காவும் குரலை உயர்த்தினாள். புத்தியில்லாதவன்கூட அந்தப் பாதையில் வழி தப்ப மாட்டான் என்ற வசனம் வந்ததும், அதை மட்டும் அவளை இரண்டாம் தடவை வாசிக்க வைத்தார் பெரியப்பா. யாருக்காக என்று லயத்துக்கே தெரிந்தது. அப்பா சும்மா இருப்பாரா? அங்கே கொடிய மிருகம் எதுவும் நுழையாது என்ற அடுத்த வசனத்தை என்னைக் கத்த வைத்தார். பசுவைச் சொல்கிறாராம். இப்படியே தினமும் நடந்தது. எனக்குக் குரல் கட்டிப்போனது. அம்மாதான் பொறுக்காமல் கேட்டாள்.

"தின்னது மாடு. அதுக்கு இந்தப் பிள்ள தொண்டைய எதுக்குக் கிழிக்கிய?"

அப்பா விரலால் வேதாகமத்தைத் தட்டினார். சீக்கிரம் வாசி என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஒரு வசனம் முடித்து எச்சில் விழுங்க நிறுத்தினேன். அதுவரை என்னோடு சேர்ந்து வாசித்த அக்கா அடுத்த வசனத்தைத் தனியாக வாசித்தாள். முடித்ததும் நின்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோயிலில் வேதத்தின் சங்கீதங்களை இப்படித்தான் வாசிப்போம், ஐயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். நான் அடுத்ததை வாசித்தேன். அவள் அதற்கடுத்தது. பாதி வேலை மிச்சம், குரலையும் உயர்த்த வேண்டாம். அதைவிட, அக்காவோடு பேசுவது போலவே இருந்தது. அந்த அதிகாரம் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம் கொடுத்தது. அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் தடுக்க வழியில்லை. பேசக் கூடாது என்றுதானே உத்தரவு? வேதம் வாசிக்காதே என்று எந்தத் தகப்பன் சொல்ல முடியும்?

வாரக் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல். இருந்தும் வாசிக்க உட்கார்ந்தாள். இருமி இருமி இரண்டு வசனம் ஒப்பேற்றினாள். குருடர் கண் திறக்கும், செவிடர் காது கேட்கும் என்று வாசித்துவிட்டு நான் நின்றேன். அவளுடைய முறை. முடவன் மானைப்போலக் குதிப்பான், ஊமையின் நாக்கு பாடும் என்று வர வேண்டும். இருமல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அதையும் நானே வாசித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

வெகுநேரம் கழித்துப் பெரியப்பாவின் குரல் வந்தது. அவரும் என்னைப் போல எழுத்துக் கூட்டுகிற ஆள்தான். மெதுவாக, தட்டுத் தடுமாறி, அந்த ஊமையின் வசனத்தை வாசித்து முடித்தார்.

நான் அடுத்ததைத் தொடங்குவதற்குள் அப்பா என் மடியிலிருந்த வேதாகமத்தை எடுத்துக்கொண்டார். அவர் ஒன்று, பெரியப்பா ஒன்று. வழி தப்பாத பாதையின் வசனத்தில் பெரியப்பாவின் குரல் இறங்கிப்போனது. மிருகத்தின் வசனத்தை அப்பா முணுமுணுத்தார். துக்கமெல்லாம் ஓடிப்போகும் என்ற கடைசி வசனத்தைப் பெரியப்பா வாசித்ததும், சுவருக்கு இரண்டு பக்கமும் ஆமென் கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் வசனங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். இழுத்து இழுத்து வாசித்ததில் மீன்குழம்பு ஆறிப்போனது. சோறு போடு என்று கேட்டதற்கு அம்மா, வாயை மூடு என்று அதட்டினாள். அதிகாரம் முடிந்த பிறகும் அப்பா வேதாகமத்தை மூடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எங்கள் வாசற்படியில், பெரியப்பா வீட்டுக் கூடையில் பெரிய முட்டைக்கோஸ் ஒன்று இருந்தது. இந்தப் பாழாய்ப்போன காயால்தானே இவ்வளவும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு போய், உனக்குத்தானே ஆசை, தின்னு என்று பெரியப்பாவின் பசுவுக்கே போட்டேன். குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். பால் கறந்துகொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். பெரியப்பா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாடு பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. போன மாதம் இதே மாடு இதே கோஸைத் தின்றபோது சிரித்திருந்தால் என் தொண்டையாவது பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இருவர்மீதும் கோபமாக நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.