இடது பக்கம் குறைவாகக் கேட்கிறது

என் அண்ணிக்குக் கோபம் வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். கோபப்படாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வாஷிங் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒன்பது வருஷமாக ஃபோன் எடுக்கிறார். மெஷின் சுற்றவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, வந்த மெக்கானிக் இருந்ததையும் கெடுத்துவிட்டுப் போனான் என்று யார் யாரோ கத்துவார்கள். மெஷினைச் செய்தவன் கைக்குக் கிடைக்கமாட்டான், விற்றவன் கண்ணில் படமாட்டான். அண்ணி கிடைப்பார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பார். யாரோ செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் என்னோடு பஸ் ஏறுவார்.

நான் அவருடைய நாத்தனார். அவர் ஆபீசுக்கு அடுத்த தெருவில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். போவதும் வருவதும் ஒரே பஸ். வீட்டில் எனக்குப் 'பட்டாசு' என்று பெயர். திரி கிள்ளுவதற்கு முன்பே வெடித்துவிடுவேனாம். வெடிக்க வேண்டிய விஷயத்துக்கு வெடிக்காமல் வேறு என்ன செய்வதாம்?

அந்த பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறினால் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன் சீட்டுப் பெரியவர் ஃபோனை மடியில் வைத்து பஸ் முழுக்கச் செய்தி கேட்கவைப்பார். பின் சீட்டு அம்மா வீடியோ காலில் மருமகளோடு வழக்குப் பேசுவார். தினமும் கேட்டுக் கேட்டு, நியாயம் மருமகள் பக்கம்தான் என்று எனக்கே ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது. சொன்னால் அடிக்க வருவார் என்று சும்மா இருக்கிறேன்.

அப்படி ஒரு சாயங்காலம், அண்ணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடியே சொன்னார்.

"எனக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கணும். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, இன்னிக்குத் திட்டினவங்க குரலெல்லாம் காதை விட்டு இறங்கணும். இல்லன்னா அதையும் சேத்துத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றேன்."

தனக்கென்று அவர் வாய்விட்டு ஒன்று கேட்டு நான் கேட்டதே இல்லை. புடவை எடுக்கப் போனால்கூட எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்.

வீட்டில் சொன்னதும் என் அண்ணன் சிரித்தான். "நாள் பூரா அதைத்தானே தலையில மாட்டிட்டு உக்காந்திருக்கே. வர்ற வழியிலயுமா?"

"ஏன், தபால்காரர் தனக்கு வந்த லெட்டரைப் படிக்கக் கூடாதா?" என்று நான் கேட்டேன். அன்று ராத்திரியே அவன் ஹெட்ஃபோன் நிபுணர் ஆகிவிட்டான். ஒன்றும் தெரியாத விஷயத்தில் என் அண்ணனுக்கு இருக்கிற தைரியம் யாருக்கும் வராது.

அண்ணிக்குத் தேவை என்னவோ எளிமையானது. காதுக்குள் சொருகுகிற சின்னது வேண்டாம். அதை மாட்டினால் அவருக்குக் காது அரிக்கும். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கினால் விழுந்து சீட்டுக்கடியில் உருண்டுவிடும். என்னுடையதில் ஒன்று அப்படித்தான் போனது, மிச்சம் இருக்கிற ஒற்றையை வைத்துக்கொண்டு அழுகிறேன். காதையே மூடுகிற பெரியதும் வேண்டாம். வேர்க்கும், பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு சண்டை போடும். காதின் மேல் லேசாக உட்காருகிற மாதிரி, மடக்கி வைக்கிற மாதிரி ஒன்று. விலை கையைக் கடிக்கக் கூடாது. இவ்வளவுதான்.

இதற்கு அண்ணன் வீடியோ வீடியோவாகப் போட்டுக் காட்டினான். வீடியோவுக்கு வீடியோ ஓர் ஆள் வந்து, இந்த விலையில் இடி மாதிரி பேஸ் கிடைக்கிறது என்று குதித்தான். இடி யாருக்கு வேண்டும்? அண்ணி வாங்காத இடியா? மணிக்கணக்காகப் போட்டாலும் வலிக்காது என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். அத்தனை பேர் காதும் மொட்டைக் காது. தோடு போட்ட காதில் அதை வைத்து அழுத்தினால் திருகாணி பின்பக்கம் குத்துமே, அதைப் பற்றி ஒருத்தராவது மூச்சு விட வேண்டுமே! உலகத்தில் பாதிப் பேர் காதில் ஏதோ ஒன்று தொங்குகிறது. இதைச் செய்கிறவர்களின் வீட்டில் பெண்களே கிடையாதா?

கடைசியில் ஒன்றை வரவழைத்தோம். கறுப்பு நிறம், எடையே தெரியவில்லை, டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அண்ணி தொங்கட்டானைக் கழற்றிச் சின்னப் பொட்டுத் தோடு போட்டுக்கொண்டு, பஸ்ஸில் அதை மாட்டினார். கண்ணை மூடினார். எனக்கே மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, இடது பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கொறச்சலா கேக்குது."

அன்றைக்கே கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் எடுத்த எடுப்பில், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "வருந்தினா சரியாயிடுமா? பாதி சத்தத்துக்கு முழு வெலையா?" என்று ஆரம்பித்தேன். அண்ணி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவ கெடக்கறா, நீ தப்பா எடுத்துக்காதம்மா. சாப்பிட்டியா? மாத்தித் தர எத்தனை நாளாகும்னு மட்டும் சொல்லு, போதும்."

புகார் சொல்லக் கூப்பிட்ட இடத்தில், புகார் கேட்கிற பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற ஒரே பெண்மணி என் அண்ணிதான். இப்படி இருந்தால் யார் பயப்படுவார்கள்?

அந்த ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்சம் கூடப் போட்டு வேறு கம்பெனியில் ஒன்று வாங்கினோம். அதிலும் இடது பக்கம் குறைவு. அண்ணன் மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது" என்றான். குக்கர் விசில் காதில் விழுந்தும் எழுந்து போகாதவன் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வது? மலிவு விலை என்றால் ஆள் ஏமாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், ஒரு காதுக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு காதில் பூ சுற்றுகிறார்கள் என்று நான் பஸ் முழுக்கப் புலம்பினேன். அதையும் திருப்பி அனுப்பினோம்.

இனிமேல் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத்தான் வாங்குவது என்று அண்ணியை இழுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். குறுகலான கடை. தலைக்கு மேல் சார்ஜர் ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். மாட்டிப் பார்க்கலாமா என்றால், "சீல் பிரிச்சா எடுத்துக்கணும்" என்கிறார்.

"செருப்பையே கால்ல போட்டுப் பாத்துத்தானே வாங்கறோம்? காது என்ன செருப்பைவிடக் கேவலமா?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தான் பாட்டுக் கேட்கிற சொந்த ஹெட்ஃபோனை, பஞ்சு பிய்ந்துபோனதை, எடுத்துக் கொடுத்தார். "இதே கம்பெனி, இதே மாடல். இதுல கேட்டுப் பாருங்க மேடம்."

அண்ணி மாட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெதுவாக இடது பக்கம் போனது.

"இதுலயும் கொறச்சல்தான்."

நான் வெடித்தேன். விற்கிறது அத்தனையும் பழுதா, ஊர்க் குப்பையை எல்லாம் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கடைக்காரர் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். மாட்டினேன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் ஒரே அளவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இப்ப திருப்பி மாட்டுங்க மேடம்" என்றார் அண்ணியிடம். "இடது பக்கத்தை வலது காதுல. பீஸ்ல கோளாறுன்னா கொறச்சலும் அந்தப் பக்கம் மாறணும்."

அண்ணி திருப்பி மாட்டினார். அப்புறம் தன் இடது காதைத் தொட்டார்.

"இப்பவும் இங்கதான்."

வாங்குங்கள் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. "முதல்ல காதைக் காட்டிட்டு வாங்க மேடம். இது எங்கயும் ஓடிடாது" என்றார். இத்தனை கூச்சலுக்குப் பிறகும் அவர் அப்படிச் சொன்னதற்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

காது டாக்டர் அண்ணியை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். வெளியே வந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை என்பது. இரண்டாவது, ஹெட்செட்டை எந்தக் காதில் மாட்டுவீர்கள் என்பது.

"இடது காதுல. ஒத்தைக் காது ஹெட்செட்தான் குடுப்பாங்க, எங்க எல்லாருக்குமே இடது. வலது காது சூப்பர்வைசருக்கு. நாங்க பேசிட்டிருக்கும்போதே அந்தப் பக்கமா வந்து, இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு சொல்வார். அதுக்காகத் திறந்து வெச்சிருக்கணும்."

"சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்க முடியாதா?"

"முடியாதுங்க. மறுபடி சொல்லுங்கன்னு கஸ்டமரைக் கேட்டா எங்க பேச்சுக்குப் போடற மார்க் போயிடும்னு, முழு சத்தத்துல வெச்சு கம்ப்யூட்டர்லயே பூட்டிட்டாங்க. கத்தறவங்களுக்கும் அதே சத்தம்தான்."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்திருக்கிறேன், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு காது கத்துகிறவர்களுக்கு, ஒரு காது அதிகாரிக்கு. மனுஷிக்கு என்று மிச்சம் வைத்தார்களா பாருங்கள்! நாங்கள் மட்டமான சரக்கு என்று ஊரில் இருக்கிற ஹெட்ஃபோனை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். கம்பெனி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது பழுதான அண்ணியை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நரம்புல போனது திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கோங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அண்ணியோடு அவர் ஆபீசுக்குப் போனேன், சண்டை போடுவதற்கென்றே. நீளமான ஹால். வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லார் தலையும் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. சூப்பர்வைசர் அண்ணியைவிட வயதில் சின்னவர். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"அட, இதுக்கா மேடம் இவ்வளவு கவலை? நாளையிலேருந்து வலது காதுல மாட்டிக்கோங்க. ரூல்ல இடமில்லதான். உங்களுக்காக நான் பர்மிஷன் வாங்கித் தரேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

"ஒண்ணை உங்களுக்குக் குடுத்தாச்சு சார்" என்றார். "இது என்னோடது."

"இல்ல மேடம், நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதா? இத்தனை வருஷம் இடதுலதான் மாட்டணும்னு சொன்னது யாரோட நல்லதுக்கு? இன்னும் ஒரு காது இருக்குன்னு தெரிஞ்சதும் அதையும் கேக்கறீங்களே, உங்களுக்குக் கூசலயா?" அண்ணியின் குரல் ஏறிக்கொண்டே போனது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. "சத்தத்துக்குப் போட்ட பூட்டைத் திறங்க. எனக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கற எல்லாருக்கும். அதுவரைக்கும் நான் எந்தக் காதுலயும் மாட்டமாட்டேன்."

"மெதுவா பேசுங்க மேடம். லைன்ல கஸ்டமர்ஸ் இருக்காங்க."

"கேக்கட்டும்" என்றார் அண்ணி.

ஹாலில் ஒவ்வொரு குரலாக நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். பிறகு வலது காதருகே. பிறகு மறுபடியும் இடது காதருகே, இன்னும் கொஞ்சம் பலமாக.