ஒரு வாட்டி அழுதுச்சு

பிரசவ வார்டின் பழைய பதிவேடு ஒன்று என் மேசையில் இருக்கிறது. நீல அட்டை, கிழிந்த முதுகில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. உள்ளே பல வரிகள் சிவப்பு மையில் அடித்துத் திருத்தப்பட்டு, ஓரத்தில் வார்டு நர்ஸான சிஸ்டரின் கையெழுத்து இருக்கும். ஒரே ஒரு வரியில் மட்டும் அடிக்கவில்லை. பேனாவை வைத்து எடுத்த சிவப்புப் புள்ளி மட்டும் இருக்கிறது. அந்த வரி என் பிள்ளையுடையது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் புள்ளியியல் அலுவலர். அடுத்த மாதம் எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறக்கும், எத்தனை இறந்தே பிறக்கும் என்று முன்கூட்டிக் கணித்துக் கொடுப்பது என் வேலை. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சிஸ்டர் என்னை ஜோசியக்காரி என்றே கூப்பிடுவார். ஆனால் அந்த எண்களை வைத்துத்தான் மருந்தும் ஆளும் கருவியும் வரும். பழைய பதிவேடுகள், மழைக்காலம், கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்வரும் கர்ப்பிணிகள் எல்லாம் அதில் சேரும். ஓர் எண் இடித்தால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வேலையில் சேரும் முன்பே சிஸ்டரை எனக்குத் தெரியும். என் முதல் பிரசவம் அங்கேதான். ஆபரேஷன் மயக்கம் தெளிந்தபோது கட்டிலோரம் அவர்தான் நின்றார். பிள்ளை இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "அழுதுச்சா?" என்று மட்டும் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் அழாத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, மூன்றாம் நாள் பால் ஊற்றுவதும் இல்லை. "ஒரு வாட்டி அழுதுச்சு ஆத்தா. நல்லாக் கேக்குற மாதிரி அழுதுச்சு. அப்புறந்தான் போச்சு" என்றார். நாங்கள் பெயர் வைத்தோம். என் வீட்டுக்காரர் பால் ஊற்றினார். அந்த ஓர் அழுகையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நடமாடினேன்.

வேலைக்கு வந்தபின் என் கணிப்பு ஓயாமல் பிசகியது. இறந்து பிறப்பவை குறைந்துகொண்டே வந்தன, பிறந்து சில நிமிடத்தில் இறப்பவை ஏறின. பொறுக்காமல் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிய குழந்தைகள், பதிவேட்டில் உயிரோடு பிறந்திருந்தன. எல்லாம் சிஸ்டரின் டூட்டி நாட்கள்.

போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "பெத்தவகிட்ட அழுதுச்சுன்னு சொல்லிட்டு, இங்கன வந்து வேற மாதிரி எழுதக் கை வரல தாயி."

எனக்குக் கோபம் வந்தது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்பை விடாமல் காட்டும் மெஷின் கேட்டு வருடாவருடம் எழுதிப் போட்டவரே சிஸ்டர்தான். இங்கே இறந்து பிறப்பது குறைவு என்று அதை வேறோர் ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலே இருப்பவர்கள் பார்த்தது என் கணிப்பை. என் கணிப்புக்கு அடிப்படை சிஸ்டர் எழுதியது. இதைச் சொன்னதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அடுத்த வருசம் பாக்கலாம்னு சொன்னாகளே. அப்ப மெஷினு வராததுக்கு நாந்தானா?" ஆமாம் என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்று மத்தியானங்கள் உட்கார்ந்து திருத்தினோம். நான் கேஸ் ஷீட்டைப் படிப்பேன், அவர் சிவப்புப் பேனாவால் அடித்து எழுதிக் கையெழுத்துப் போடுவார். என் கேஸ் ஷீட்டை மட்டும் நான் எடுத்து வரவில்லை. என் வரி வந்ததும் அவரே பேனாவை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார்.

"இது வேணாம். இது நெசமாவே அழுதுச்சு ஆத்தா."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். மற்ற அம்மாக்களிடமும் அப்படிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

விளக்கம் கேட்டு சிஸ்டருக்கு மெமோ வந்தது. மறு வருடம் மெஷினும் வந்தது. அதன்பிறகு "அழுதுச்சா" என்று கேட்ட பெண்களிடம் அவர் அழுதுச்சு என்று சொல்லி நான் பார்த்ததில்லை. தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே நிற்பார். ஓய்வு பெற்று ஜெயமங்கலத்துக்குப் போனவர், போன மாதம் இறந்துவிட்டார். மாலை போடப் போன நான், கேட்காமல் விட்டதை அவர் காலடியில் நின்று மனதுக்குள் கேட்டேன்.

ரெக்கார்ட் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. என் கேஸ் ஷீட் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்றும் தெரியும். அத்தனை அம்மாக்களின் வரிகளையும் படித்து அடிக்க வைத்த எனக்கு, அந்த ஒன்றை எடுத்துப் பார்க்கத் தைரியம் இல்லை. இந்த மாதக் கணிப்பையும் நேற்று அனுப்பிவிட்டேன். அதற்கு அடிப்படையான பழைய கணக்கில் என் பிள்ளையை உயிரோடு பிறந்தவர்களில்தான் சேர்த்திருக்கிறேன்.