மச்சானின் ஷூவும் மதாமின் மெழுகுவர்த்தியும்

போன சனிக்கிழமை என் மச்சான் வந்திருந்தார். பெயர் கோதண்டம். என் மனைவி வசந்தாவின் அண்ணன். ரயில்வேயில் அதிகாரி. டொரான்டோவில் ஒரு மாதப் பயிற்சி. அதில் ஒரு நாளைத் தங்கைக்காக ஒதுக்கியிருந்தார். காலை ரயிலில் நாங்கள் இருக்கும் மான்ட்ரியாலுக்கு வந்து மாலை ரயிலில் திரும்பிவிடுவார்.

இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு நிமிஷம் லேட்!"

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நம்மூர் ரயில்களின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது!

ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஊரைச் சுற்றலாம் என்றேன். மான்ட்ரியாலில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு தேவாலய கோபுரம் எட்டிப் பார்க்கும். நடக்க நடக்க அழகு. வசந்தா இரண்டடி முன்னால் போனதும் மச்சான் என் காதருகே வந்தார்.

"மாப்பிள்ளே, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. போன பிப்ரவரியில வசந்தா அம்மாவுக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தா. பேச ஆளில்லே, குளிர்ல ஜன்னல்கூடத் திறக்க முடியலேன்னு. அம்மா அழுதுட்டாங்க. நீ போய்ப் பாரு, சரியில்லேன்னா கையோட கூட்டிட்டு வந்துடுன்னு சொல்லியிருக்காங்க."

கையோடா? அவள் என்ன குடையா?

அந்த நிமிஷத்திலிருந்து நான் இந்த ஊரின் விளம்பர மேனேஜர் ஆனேன். "பார்த்தீங்களா, எவ்வளவு அகலமான பாதை!" என்றேன். "பார்த்தீங்களா, புறாகூட எவ்வளவு குண்டு!" என்றேன். அக்டோபர் காற்று காதைப் பிய்த்தது. "என்ன ஒரு ஃப்ரெஷ் ஏர்!" என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழைய நகரத்துக்குள் நுழைந்ததும் வழி குழம்பியது. பெரிய தேவாலயத்துக்கு எப்படிப் போவது என்று எதிரே வந்தவரிடம் இங்கிலீஷில் கேட்டேன். அவர் பிரெஞ்சில் விலாவாரியாக ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டி, 'மெர்சி' என்று நன்றி சொல்லி, மச்சானிடம் திரும்பினேன்.

"நேராப் போகணுமாம்."

நேராகப் போனோம். கால் மணி நேரம் போனோம். துறைமுகத்தில், வானளாவிய தானியக் கிடங்குகளுக்கு எதிரே போய் நின்றோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட முதல் சின்னத் தேவாலயத்தை நோக்கி ஓடினோம்.

வாசலில் மச்சான் ஷூவைக் கழற்றினார்.

"இங்கே யாரும் கழற்ற மாட்டாங்க, மச்சான்."

"கோயில்னா கோயில்தான். நீங்க ரொம்ப மாறிட்டீங்க மாப்பிள்ளே."

ஷூவைக் கதவோரம் ஜோடியாக வைத்தார். உள்ளே கை கூப்பி மனமுருக நின்றார். அரை மணி கழித்து வெளியே வந்தால்... ஷூ இல்லை!

ஈரப் படியில் சாக்ஸோடு ஒரு ரயில்வே அதிகாரி. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். போச்சு. மாமியாருக்கு என்ன ரிப்போர்ட் போகும்? 'கொள்ளைக்காரர்கள் ஊர், தங்கையைக் கூட்டி வந்துவிட்டேன்.'

உள்ளே மெழுகுவர்த்தி விற்கும் கிழவி ஒருத்தி இருந்தாள். மச்சானை இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். அவர் பாதத்தைக் காட்டினேன். கையை விரித்தேன். முகத்தை அழுவது போல் வைத்துக்கொண்டேன். கிழவி உருகிப்போனாள். ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து மச்சான் கையில் கொடுத்து, ஏதோ ஒரு புனிதரின் சிலையைக் காட்டினாள். கால் வியாதி என்று நினைத்துவிட்டாள்!

மச்சான் மறுக்கத் தெரியாமல் போய் ஏற்றிவிட்டும் வந்தார்.

அப்போதுதான் வசந்தா என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"போன்ஜூர், மதாம்."

அப்புறம் நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். வசந்தாவின் வாயிலிருந்து பிரெஞ்சு, குழாயைத் திறந்துவிட்டது போல. கிழவி கேட்டாள், இவள் சொன்னாள். கிழவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழைகளுக்காக யாரோ விட்டுப்போன ஷூ என்று நினைத்து, மழையில் நனையாமல் எடுத்து தானப் பெட்டியில் போட்டுவிட்டாளாம். ஓடிப்போய்க் கொண்டு வந்தாள், தன் ஏப்ரனால் துடைத்துக்கொண்டே. அதோடு விட்டார்களா? இன்னும் பத்து நிமிஷம் பேச்சு. பிரியும்போது கன்னத்தில் முத்தம் வேறு!

"எங்கே கத்துக்கிட்டே?" என்றேன்.

"நம்ம பில்டிங் பேஸ்மென்ட்ல. துணி துவைக்க வர்ற பொம்பளைங்ககிட்ட."

"எப்போலேர்ந்து?"

"மார்ச்."

"என்கிட்ட சொல்லவேயில்லையே?"

"நீங்க கேக்கவேயில்லையே."

ஏழு மாதம்! தினமும் சாயங்காலம் நான் ஆபீஸ் கதையை மட்டுமே அளந்திருக்கிறேன். அடுத்த சந்தேகமும் வந்தது.

"அப்போ, தெருவில அந்த ஆள் வழி சொன்னது..."

"இடது பக்கம் திரும்பச் சொன்னார். அண்ணன் முன்னாடி உங்களை எப்படித் திருத்துறது?"

என் மானம் போக இது போதாதா?

ஸ்டேஷனில் மச்சான் தங்கையிடம் நேரடியாகவே கேட்டார். "கூட வர்றியா? அம்மா ஆசைப்படறாங்க."

ரயில் கிளம்பும் அறிவிப்பு வந்தது, இரண்டு பாஷையிலும். என் உயிர் என்னிடம் இல்லை.

"பிப்ரவரியில கேட்டிருந்தா வந்திருப்பேண்ணா," என்றாள் வசந்தா. "இப்போ இல்லே. வருஷா வருஷம் ஒரு தடவை வந்து அம்மாவைப் பார்க்கிறேன்னு சொல்லு."

வருஷா வருஷமா? அதையும் நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனாலும் தலையாட்டினேன். வேகமாகவே ஆட்டினேன்.

ஏறி ஜன்னலோரம் உட்காரப் போன மச்சான், திரும்பி வந்து என் தோளைத் தட்டினார்.

"மாப்பிள்ளே, இவ பிழைச்சுக்குவா. எனக்கு உங்களை நினைச்சாத்தான் கவலையா இருக்கு!"